கறிக்கடைக்காரருக்கு என்ன கத்தி வாங்குவது?

சென்ற பொங்கல் விழாவன்று பந்தி முடிந்து நாலைந்து பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் என்னென்ன வாங்கிப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சங்க நண்பர் ஒருவர், தம் வீட்டுக் கிடா விருந்துக்குக் கூலி வாங்காமல் வேலை செய்து கொடுத்த கறிக்கடைக்காரருக்கு ஒரு கத்தி செட் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். உடனே பக்கத்திலிருந்த பெரியம்மா ஒருவர், "கத்தியைப் போய் யாராச்சும் பரிசாக் குடுப்பாங்களா? உறவு அறுந்து போயிடுமே!" என்று பதறினார். நண்பர் முகம் வாடிவிட்டது. வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எழுத்தில் சொல்கிறேன். பெரியம்மா பயந்தது தேவையில்லாத பயம். ஆனால் நண்பர் வாங்கியதில் ஒரு தவறு இருக்கிறது. அதே தவறை நானும் செய்தவன் என்பதால் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் முதலமடை. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி கோவிந்தாபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் இரண்டு பக்கமும் மாந்தோப்பு. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். மற்ற ஊர்களுக்கு முன்னால், தை மாசியிலேயே எங்கள் ஊர் மாங்காய் சந்தைக்கு வந்துவிடும். டெல்லி, மும்பை வரை போகும். ஆல மரங்கள் நிற்கும் சின்ன ரயில்வே ஸ்டேஷனைச் சினிமாப் படங்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த மீட்டர்கேஜ் பாதையைப் பார்த்து வளர்ந்துதான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வருஷம் தண்டவாளத்தைப் பார்த்தே காலம் போயிற்று. எஃகு பற்றிக் கொஞ்சம் தெரியும் என்ற கர்வமும் இருந்தது. அந்தக் கர்வம் உடைந்த கதைதான் இது.

என் மகன் கல்யாணத்துக்கு மறுநாள் ஊரில் பிரியாணி. எங்கள் தெருமுனையில் கறிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் விடியற்காலை மூன்று மணிக்கு வந்து, ஆறு ஆடுகளை அறுத்து, உரித்து, துண்டு போட்டு, பத்து மணிக்குள் அண்டாவில் சேர்த்துவிட்டார். கூலி என்று எடுத்துப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நம்ம வீட்டு விசேசத்துக்குக் கூலி வாங்குவாங்களா அண்ணா?" என்றார். அவருக்கு என்ன செய்வது என்று யோசித்து, என் மகன் இங்கே மும்பையில் ஒரு பெரிய கடையில் பன்னிரண்டு உருப்படிகள் கொண்ட கத்தி செட் ஒன்றை வாங்கினான். மரப்பெட்டியில் வரிசையாகச் சொருகியிருக்கும், பளபளவென்று மின்னும். நானும் பார்த்து, "பேஷ்" என்றேன். தண்டவாளத்தில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவன், அந்தக் கத்தியில் ஒன்றைக்கூட உருவிப் பார்க்கவில்லை.

ஊரில் கொண்டுபோய்க் கொடுத்தபோது ராவுத்தர் வீட்டம்மா அதைக் கையில் வாங்கவில்லை. "கீழே வையுங்கண்ணா" என்று சொல்லி, தரையில் வைத்தபின் எடுத்துக்கொண்டு, ஒரு ரூபாய்க் காசை என் கையில் வைத்தார். கத்தி, மிளகாய், உப்பு இவற்றைக் கைக்குக் கை மாற்றக்கூடாது என்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள பழக்கம்தான். காசு கொடுத்துவிட்டால் அது பரிசு இல்லை, விலைக்கு வாங்கியது ஆகிவிடும், உறவும் அறுபடாது. இந்தக் காசு வழக்கம் ஐரோப்பாவிலும் அப்படியே இருக்கிறது. பெரியம்மாவுக்கு ஒரு ரூபாயில் தீர்வு இருக்கிறது என்பதால்தான் அந்தப் பயம் வேண்டாம் என்றேன். தவிர, ஆயுத பூஜையன்று ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் வைக்கிற நாம், தொழில் செய்கிறவன் கையில் இருக்கும் கருவியை அபசகுனம் என்று சொல்வது பொருந்துமா?

அடுத்த வருஷம் மாங்காய் சீசனில் ஊருக்குப் போனபோது கறி வாங்கக் கடைக்குப் போனேன். மரப்பெட்டி அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால், குர்ஆன் வசனம் எழுதிய படத்துக்குக் கீழே கம்பீரமாக இருந்தது. ராவுத்தர் கையில் இருந்ததோ பழைய கத்தி. தேய்ந்து தேய்ந்து மூங்கில் இலை மாதிரி ஆகியிருந்தது. "ஏன் ராவுத்தரே, புதுசை எடுக்கறதில்லையா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது பார்வைக்கு நல்லாருக்குங்கண்ணா" என்றார். நான் விடவில்லை. கடை ஓய்ந்த பிறகு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, குற்றங்களைச் சொல்லச் சொன்னேன். முதலில் தயங்கினார். பிறகு பெட்டியை இறக்கி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் வேலையில் இருந்தபோது காண்டிராக்டர்களுக்குக்கூட இவ்வளவு நயமாக யாரும் ரிப்போர்ட் கொடுத்ததில்லை.

பன்னிரண்டில் ரொட்டி அறுக்கும் ரம்பக் கத்தி ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று, பீட்சா வெட்டும் சக்கரம் ஒன்று, மேஜைக் கத்தி ஆறு. கறிக்கடைக்கு வேண்டியவை மூன்றே மூன்று. அந்த மூன்றில் சின்னக் கத்தி இரண்டாவது ஆட்டிலேயே மொண்ணையாகிவிட்டது. பெரிய வெட்டுக்கத்தி தொடை எலும்பில் பட்டதும் விளிம்பு மடிந்துவிட்டது. பிடி வழவழவென்று இருந்ததால் கொழுப்புப் பட்டதும் கையில் நிற்கவில்லை. பிடிக்கும் இரும்புக்கும் நடுவே இருந்த சந்தில் ரத்தம் புகுந்து நாற்றம் எடுத்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, தம் இடதுகை ஆள்காட்டி விரலைக் காட்டினார். நுனி இல்லை. பல வருஷத்துக்கு முன் மொண்ணைக் கத்தியை அழுத்தியபோது வழுக்கிப் போனதாம். "கூரான கத்தி கையை வெட்டாதுங்கண்ணா. மொண்ணைக் கத்திதான் வெட்டும்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அறுக்கும் கத்தி வேறு, வெட்டும் கத்தி வேறு. அறுக்கும் கத்தியில் ஒரு சிறு பல்கூட விழுந்திருக்கக் கூடாது. ஆட்டின் கண் முன்னால் தீட்டவும் கூடாது. பிராணிக்கு வேதனை குறைய வேண்டும் என்பது அவர்கள் மார்க்கத்தில் கண்டிப்பான கட்டளை. ஆகவே மட்டமான கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் அது அலமாரிக்குப் போவதோடு முடிவதில்லை. மரியாதைக்காக அதை அவர் எடுத்துப் பயன்படுத்தினால், கஷ்டப்படுவது அவர் விரலும் வாயில்லாத ஜீவனும்தான். அன்றைக்கு எனக்கு வெட்கமாகவே இருந்தது. டாக்டர் நண்பருக்குப் பேனா வாங்கினால்கூட நாலு கடை ஏறி இறங்கி, நிப்பை எழுதிப் பார்த்து வாங்குகிறோம். கறிக்கடைக்காரருக்கு என்றால் பெட்டியின் பளபளப்பே போதும் என்று நினைத்துவிட்டோம். அவர் தொழிலில் நுட்பம் உண்டு என்று நமக்குத் தோன்றவே இல்லை.

சரி, நல்ல கத்தி எது? சைவ வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அருவாமணைக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று பொறித்திருப்பதால் மட்டும் எதுவும் தெரியாது. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடித்தபோது, அந்த ஊர்க் கத்தித் தொழிலாளர்கள் அவரை 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று கேலி செய்தார்களாம். அந்தக் கேலியில் விஷயம் இருந்தது. துருவைத் தடுப்பது குரோமியம். கூரைத் தாங்குவது கார்பனும், அதைச் சூடேற்றிக் குளிரவைக்கும் பக்குவமும். மலிவான செட்டுகளில் கார்பன் சுமார் 0.3 சதவீதமே இருக்கும். பளபளக்கும், கூர் நிற்காது. நல்ல ஜெர்மன் கத்திகளில் கார்பன் சுமார் 0.5, குரோமியம் 15 சதவீதம். ராக்வெல் அளவில் கடினம் 56-லிருந்து 58 வரை வரும். எங்கள் ரயில்வே உதாரணம் ஒன்று சொல்கிறேன். தண்டவாளத்தை விடக் கெட்டியானது உலகத்தில் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நம் 880 தரத் தண்டவாளத்தின் பிரினெல் கடினம் குறைந்தபட்சம் 260தான். நல்ல கத்தியின் விளிம்பு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கடினமானது!

அப்படியானால் கடினம் கூடக் கூட நல்லதா என்றால், இல்லை. ஜப்பானியக் கத்திகள் சில 60-க்கு மேல் போகும். மீனை இதழ் இதழாகச் சீவுவதற்கு அவை அருமை. ஆட்டுத் தொடை எலும்பில் ஒரு போடு போட்டால் பல் பல்லாகத் தெறித்துவிடும். ஆகவே எலும்பு வெட்டும் கத்தி கனமாகவும் சற்று மெதுவாகவும், விளிம்பு பக்கத்துக்கு இருபத்தைந்து டிகிரி வரை தடிப்பாகவும் இருக்க வேண்டும். சதையைப் பிரிக்கும் கத்தி ஆறங்குல நீளம், ஒடுக்கமான அலகு, பதினைந்து முதல் இருபது டிகிரி. இரண்டு வேலையையும் ஒரே கத்தி செய்யும் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பெயரிலும் ஏமாற்று உண்டு. ஜெர்மனியில் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயரைக் கத்தியில் பொறிக்க 1938 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அங்கே செய்ததற்கு மட்டுமே பொறிக்கலாம். "ஜெர்மன் ஸ்டீல்" என்பதோ வெறும் வார்த்தை. அதேபோல, அலை அலையாக வரி ஓடும் 'டமாஸ்கஸ்' கத்திகளை இப்போது எங்கும் விற்கிறார்கள். சில, பல அடுக்கு எஃகைச் சேர்த்து அடித்தவை. சில, வெறும் மேற்பரப்பில் வரி போட்டவை. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்கு எஃகு போனது நம் தென்னிந்தியாவிலிருந்து. ஈரோடு பக்கம் கொடுமணலில் தோண்டி எடுத்த இரும்பு உருக்கும் உலைகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்த ஊர், கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போன பழைய வணிகப் பாதையில் இருக்கிறது. அதாவது எங்கள் ஊர்ப்பக்கமாகப் போன பாதை. 'ஊட்ஸ்' என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த அந்த எஃகை 1819 வாக்கில் ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தில் பெயர் வாங்கிய அதே ஃபாரடேதான். அவர் அப்பா ஒரு கொல்லர்!

பிடியைப் பற்றி ராவுத்தரிடம்தான் கற்றுக்கொண்டேன். அவர் கத்தியைக் கையில் பிடிக்கிற நேரத்துக்குச் சமமாகக் கால் விரலிடுக்கிலும் பிடிக்கிறார். உட்கார்ந்தபடி, பிடியைக் கட்டைவிரலுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு கையாலும் கறியை விளிம்பில் இழுத்து அறுப்பார். வெளிநாட்டுக் கம்பெனி விரல் பதியக் குழி வைத்துச் செய்த பிடி இதற்கு உதவாது. உருண்டையாகவோ தட்டையாகவோ நேராக இருக்க வேண்டும். இதை எந்தக் கடையில் எழுதி வைத்திருப்பார்கள்? நேரில் பார்த்தால்தான் தெரியும். அவர் போட்டு வெட்டும் கட்டையையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் புளியமரக் கட்டை. சிம்பு தெறிக்காது, விளிம்பையும் கெடுக்காது. இங்கே சிலர் அழகுக்காகக் கண்ணாடிப் பலகையும் சேர்த்துப் பரிசளிக்கிறார்கள். கண்ணாடியில் நாலு தரம் வெட்டினால் எந்தச் சோலிங்கனும் மழுங்கிவிடும்.

இரண்டாம் தடவை நான் என்ன வாங்கினேன் என்று சொல்கிறேன். மும்பையில் தேடி, சுவிட்சர்லாந்து விக்டோரினாக்ஸ் கம்பெனியின் ஆறங்குலக் கத்தி ஒன்று வாங்கினேன். 1884-இல் கார்ல் எல்ஸ்னர் என்பவர் ஆரம்பித்த கம்பெனி. தம் தாயார் விக்டோரியாவின் பெயரை வைத்தார். ராணுவத்துச் சின்னக் கத்திக்குப் பேர் போனவர்கள் என்றாலும், கறிக்கடைக்காரர்களுக்கென்றே எளிமையான கத்தியும் செய்கிறார்கள். பிளாஸ்டிக் பிடிதான், பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் சொரசொரப்பு இருப்பதால் கொழுப்பிலும் வழுக்காது, சந்து இல்லாததால் கழுவ எளிது. என் மகன் அதைப் பார்த்து, "இதையா அப்பா கொடுக்கப் போறீங்க?" என்று கேட்டான். அதோடு ஒரு சாணைக்கம்பியும், இரண்டு பக்கமும் வெவ்வேறு நயமுள்ள சாணைக்கல்லும். கத்தி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். கம்பி மடிந்த விளிம்பை நிமிர்த்தும். தேய்ந்த விளிம்பைக் கல்தான் மீட்கும். இரண்டும் வேண்டும்.

வெட்டுக்கத்தியை மட்டும் கடையில் வாங்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கொல்லர் இருக்கிறார். எழுபது தாண்டியவர். பிள்ளைகள் இருவரும் கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்பில். பட்டறை வாரத்தில் நாலு நாள்தான் திறக்கிறது. லாரியின் பழைய வில்பட்டையை வெட்டி, சிரட்டைக் கரியில் காய்ச்சி அடிப்பார். வில்பட்டையில் கார்பன் 0.55-லிருந்து 0.6 வரை, கூடவே சிலிக்கான், அடி தாங்கும். ஆனால் அதை அப்படியே அறுத்துத் தீட்டினால் கத்தி ஆகாது. வளைந்து நிமிர வேண்டியது என்பதால் வில்லுக்குத் தகுந்த அளவே அதைக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, பிறகு மெதுவாகச் சூடேற்றி, வைக்கோல் நிறம் வரும்போது நிறுத்த வேண்டும். சுமார் 220, 230 டிகிரி. நீல நிறம் வரை போய்விட்டால் விளிம்பு மெதுவாகிவிடும். அந்தப் பெரியவருக்கு தெர்மாமீட்டர் கிடையாது. பட்டறையின் இருட்டில் நிறத்தைப் பார்த்தே நிறுத்தினார். "தம்பி, வெளிச்சத்துல இது தெரியாது. அதனாலதான் கொல்லன் பட்டறைக்கு சன்னல் வைக்கறதில்லை" என்றார். நான் பையிலிருந்த அரத்தை எடுத்து விளிம்பில் உரசிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று; இலேசாக மட்டும் பிடித்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். முழுக்கக் கடித்தால் மெது.

அங்கே ஒரு பையன், "சார், ரயில் தண்டவாளத்துலயும் கத்தி செய்யலாமா?" என்று கேட்டான். செய்யலாம், கார்பன் போதிய அளவு இருக்கிறது. ஆனால் 1966-ஆம் வருஷத்து ரயில்வே சொத்துச் சட்டம் என்று ஒன்று உண்டு. கையில் வைத்திருந்தாலே கம்பி எண்ண வேண்டும் என்றேன். பட்டறையே சிரித்தது. வெளிநாட்டில் ஸ்லீப்பர் ஆணியை அடித்துக் கத்தி செய்து பரிசாக விற்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். அதில் கார்பன் குறைவு. காகிதம் பறக்காமல் வைக்க ஆகும்.

கொல்லர் சொன்ன விலையை நான் பேரம் பேசவில்லை. மரப்பெட்டிக்கு என் மகன் கொடுத்ததில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஏற்கெனவே தவறு செய்தவன் என்பதால், முன்கூட்டியே ராவுத்தரை அழைத்துப் போய் எடையும் நீளமும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். இதனால் பரிசில் இருக்கும் ஆச்சரியம் போய்விடுமே என்று சிலர் கேட்கலாம். போகட்டும். தொழில் கருவியில் ஆச்சரியம் எதற்கு? செருப்பு வாங்கினால் கால் அளவு கேட்க மாட்டோமா?

கொண்டுபோகிற விதம் பற்றி இரண்டு வார்த்தை. விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிமுதல்தான். அட்டையும் துணியும் சுற்றி, கவுண்டரில் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். நம் நாட்டு ஆயுத விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் இவற்றுக்காகச் செய்தவை அதில் சேராது. இருந்தாலும் வெட்டுக்கத்தி அகலமானது. கடை ரசீதைக் கூடவே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இந்த வருஷமும் போய் வந்தேன். சுவிட்சர்லாந்துக் கத்தி கல்லில் ஏறி ஏறி ஒரு நூல் அளவு ஒடுங்கியிருக்கிறது. வெட்டுக்கத்தியின் பிடி கறுத்துப்போய் எண்ணெய் ஏறியிருக்கிறது. பழைய மரப்பெட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. கத்தரிக்கோலை மட்டும் ராவுத்தரின் பேத்தி பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிறாளாம். பொங்கல் விழாவில் கேட்ட நண்பர் ஊருக்குப் போகுமுன் என்னை ஒரு தடவை பார்க்கட்டும். கொல்லரிடம் இன்னும் இரண்டு வெட்டுக்கத்தி சொல்லி வைத்திருக்கிறேன், ஒன்று அவருக்கு. எடை எவ்வளவு வேண்டும் என்று மட்டும் அந்தக் கறிக்கடைக்காரரிடம் கேட்டுச் சொன்னால் போதும். மழைக்காலம் பிறந்தால் பெரியவர் பட்டறையைத் திறக்கமாட்டார்; அதற்குள் சொல்ல வேண்டும்.